ஒரு படிகத்துள் இரு நிலைமைகள்: இரும்பு செலினைடு மீக்கடத்திகளில் நிலைமைப் பிரிவும் நுண்ணமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கார உலோகங்களை இடையடுக்காகக் கொண்ட இரும்பு செலினைடுப் படிகங்கள் ஏறத்தாழ 30 கெல்வின் வெப்பநிலையில் மீக்கடத்திகளாகின்றன. அதே படிகங்கள் அறை வெப்பநிலைக்கும் மேலே வலிமையான எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கையும் காட்டுகின்றன. ஒன்றையொன்று விலக்க வேண்டிய இவ்விரு பண்புகளும் ஒரே படிகத்தில் காணப்பட்டமை தொடக்கத்தில் பெரும் புதிராக இருந்தது. அப்படிகங்கள் உண்மையில் இரு வேறு நிலைமைகளின் பின்னல் என்பதையும், மீக்கடத்துதிறன் சிறுபான்மை நிலைமையில் மட்டுமே தங்கியுள்ளது என்பதையும் நுண்ணமைப்பு ஆய்வுகள் புலப்படுத்தின. இம்முடிவு எட்டப்பட்ட வழியை இக்கட்டுரை விளக்குகிறது. முழுப்படிகத்தின் சராசரியை அளக்கும் முறைகளுக்கும் இடஞ்சார்ந்து அளக்கும் முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டையும், குளிர்விக்கும் வேகத்தால் நுண்ணமைப்பு மாறும் தன்மையையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மீக்கடத்துதிறன், இரும்பு செலினைடு, நிலைமைப் பிரிவு, நுண்ணமைப்பு, இரும்புக் காலியிடம், எதிர்ஃபெர்ரோ காந்தம், பின்சிதறல் எலக்ட்ரான் விளிம்பு விளைவு

முன்னுரை

1911ஆம் ஆண்டில் லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஹைக் காமர்லிங் ஓனஸ் பாதரசத்தை ஏறத்தாழ 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை மறைவதைக் கண்டார். மீக்கடத்துதிறன் என்னும் துறை அங்குத் தொடங்கியது. 1986இல் பெட்நோர்ஸ், முல்லர் ஆகிய இருவரும் தாமிர ஆக்சைடுகளில் உயர்வெப்பநிலை மீக்கடத்துதிறனைக் கண்டறிந்தனர். அதன்பின் 2008இல், டோக்கியோ தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஹிடியோ ஹொசோனோவின் குழு, ஃபுளூரின் சேர்த்த லாந்தனம் இரும்பு ஆர்சனிக் ஆக்சைடு 26 கெல்வினில் மீக்கடத்தியாவதை வெளியிட்டது. அதே ஆண்டில் சமாரியம் கொண்ட இனத்தில் இவ்வெப்பநிலை 55 கெல்வினை எட்டியது.

இக்கண்டுபிடிப்பு இயற்பியலாரை வியப்பில் ஆழ்த்தியதற்குக் காரணம் உண்டு. காந்த அணுக்கள் மீக்கடத்துதிறனைக் கெடுக்கும் என்பது வழிவழி வந்த கருத்து. இரும்போ காந்தத்தன்மைக்கே எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் தனிமம். அத்தகைய இரும்பின் அடுக்குகளே மின்னோட்டத்தைத் தடையின்றிக் கடத்துகின்றன எனும்போது, காந்தத்திற்கும் மீக்கடத்துதிறனுக்கும் உள்ள உறவு என்ன என்ற வினா முதன்மை பெற்றது. அந்த உறவைச் சோதிக்கும் மிகக் கடுமையான களமாக அமைந்தவை 2010ஆம் ஆண்டில் பெய்ஜிங் இயற்பியல் நிறுவன ஆய்வாளர்கள் அறிவித்த பொட்டாசியம் இரும்பு செலினைடுப் படிகங்களாகும். அவை 30 கெல்வினுக்குச் சற்று மேலே மீக்கடத்தியாயின. பொட்டாசியத்திற்குப் பதிலாக ருபீடியம், சீசியம், தாலியம் ஆகியவை இடம்பெற்ற படிகங்களும் விரைவில் உருவாக்கப்பட்டன.

இக்கட்டுரையில் ‘நிலைமை’ என்னும் சொல் பொருளறிவியலில் வழங்கும் பொருளிலேயே ஆளப்படுகிறது. தனக்கென வரையறுத்த வேதி இயைபும் படிக அமைப்பும் கொண்டு, தெளிவான எல்லையால் பிற பகுதிகளிலிருந்து பிரிந்து நிற்கும் பகுதி நிலைமை எனப்படும். ஒரே திண்மம் இரண்டு அல்லது மேற்பட்ட நிலைமைகளாகப் பிரிவது நிலைமைப் பிரிவு. அவ்வாறு பிரிந்த நிலைமைகளின் வடிவம், அளவு, திசை, பரவல் ஆகியவற்றின் தொகுப்பே நுண்ணமைப்பு.

1. புதிரின் தோற்றம்

2011ஆம் ஆண்டில் வெய் பாவோவும் உடனாய்வாளர்களும் பொட்டாசியப் படிகங்களை நியூட்ரான் விளிம்பு விளைவு முறையில் ஆராய்ந்தனர். படிகம் 559 கெல்வினுக்குக் கீழே எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கைப் பெறுவதும், ஒவ்வோர் இரும்பு அணுவின் காந்தத் திருப்புத்திறன் 3.31 போர் மேக்னட்டான் என்ற உயர்ந்த மதிப்பைக் கொண்டிருப்பதும் வெளிப்பட்டன. 559 கெல்வின் என்பது ஏறத்தாழ 286 செல்சியஸ் பாகை ஆகும். இதனோடு ஒப்பிட, பேரியம் இரும்பு ஆர்சனைடில் காந்த ஒழுங்கு 140 கெல்வினை ஒட்டியே தோன்றுகிறது. அங்கு ஓர் இரும்பு அணுவின் திருப்புத்திறன் ஒரு போர் மேக்னட்டானுக்கும் குறைவு. அவ்வளவு மெலிந்த காந்தமும் பெருமளவு அடக்கப்பட்ட பின்னரே ஆர்சனைடுகளில் மீக்கடத்துதிறன் வலுப்பெறுகிறது.

செலினைடுப் படிகத்திலோ காந்தம் அடங்கவே இல்லை. மும்மடங்குக்கும் மேற்பட்ட திருப்புத்திறனோடு அது நிலைத்திருக்க, அதே படிகத்தில் 30 கெல்வினில் மின்தடை மறைந்தது. இதற்கு இரண்டு விளக்கங்கள் மட்டுமே இயலும். ஒன்று, அதே இரும்பு அணுக்கள் காந்த ஒழுங்கையும் மீக்கடத்துதிறனையும் ஒருசேரத் தாங்குகின்றன. அது மெய்யாயின் நடப்பிலுள்ள கோட்பாடுகள் அடிப்படையிலேயே திருத்தப்பட வேண்டும். மற்றொன்று, படிகம் ஒன்றே எனத் தோன்றினும் உள்ளே அது ஒன்றன்று. இரு பண்புகளும் வெவ்வேறு இடங்களில் வாழ்கின்றன. எது உண்மை என்பதை முழுப்படிகத்தின் சராசரியை மட்டும் அளந்து முடிவு செய்ய இயலாது.

2. படிக அமைப்பும் காலியிடங்களும்

இப்படிகங்களின் அடிப்படை எளிது. இரும்பு அணுக்கள் ஒரு சதுர வலையாக அமைகின்றன. வலைக்கு மேலும் கீழும் செலினியம் அணுக்கள் மாறிமாறி அமர்கின்றன. இத்தகைய இரும்பு செலினைடு அடுக்குகளுக்கு இடையே கார உலோக அணுக்கள் நுழைந்திருக்கும். எல்லா இடங்களும் நிரம்பியிருப்பின் 1 பொட்டாசியத்திற்கு 2 இரும்பு, 2 செலினியம் என்ற விகிதம் கிடைக்கும். எனவே இவ்வமைப்பு ‘122’ எனக் குறிக்கப்படுகிறது.

நடைமுறையில் எல்லா இடங்களும் நிரம்புவதில்லை. காரணத்தை எளிய மின்சுமைக் கணக்கு காட்டும். 2 செலினியம் அணுக்கள் சேர்ந்து 4 எதிர்மின்சுமை அலகுகளைத் தருகின்றன. ஒரு பொட்டாசியம் 1 நேர்மின்சுமை அலகைத் தரும். மீதமுள்ள 3 அலகுகளை 2 இரும்பு அணுக்கள் பங்கிட்டால் இரும்பின் சராசரி ஆக்சிஜனேற்ற எண் 1.5 ஆகிறது. இரும்பு விரும்பும் எண்ணோ 2. ஆகவே படிகம் சில இரும்பு அணுக்களையும் சில பொட்டாசியம் அணுக்களையும் விட்டுவிடுகிறது. 0.8 பொட்டாசியம், 1.6 இரும்பு, 2 செலினியம் என்ற விகிதத்தில் கணக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. 0.8 அலகுடன் 1.6இன் இருமடங்கான 3.2 அலகு சேர 4 கிடைக்கும். இவ்விகிதத்தை முழு எண்களில் எழுதினால் 2 பொட்டாசியம், 4 இரும்பு, 5 செலினியம் ஆகும். இதுவே ‘245’ நிலைமை.

245 நிலைமையில் ஐந்து இரும்பு இடங்களுள் ஒன்று காலி. இக்காலியிடங்கள் தாறுமாறாகப் பரவுவதில்லை. ஏறத்தாழ 578 கெல்வினுக்குக் கீழே அவை ஒழுங்கான ஓர் அணியை அமைத்துக்கொள்கின்றன. அந்த அணியின் அலகுக்கூடு பழைய அலகுக்கூட்டைப் போல √5 மடங்கு நீள அகலம் கொண்டு, சற்றே திரும்பி நிற்கிறது. ஏறத்தாழ 3.9 ஆங்ஸ்ட்ராமாக இருந்த விளிம்பு ஏறத்தாழ 8.7 ஆங்ஸ்ட்ராம் ஆகிறது. எஞ்சிய இரும்பு அணுக்கள் நான்கு நான்காகத் தொகுதி சேர்கின்றன. ஒரு தொகுதியின் நான்கு திருப்புத்திறன்களும் ஒரே திசையை நோக்க, அடுத்த தொகுதியின் நான்கும் எதிர்த்திசையை நோக்குகின்றன. நியூட்ரான் ஆய்வு கண்ட வலிய காந்த ஒழுங்கு இதுவே. இரும்பின் மின்சுமை நிறைவுபெற்றதாலும் அணுக்கள் தொகுதிகளாக ஒடுங்கியதாலும் 245 நிலைமை மின்காப்புத் தன்மை கொண்டது. மின்காப்புப் பொருளில் தடையற்ற மின்னோட்டம் எங்கிருந்து வந்தது என்பதே அடுத்த வினா.

3. சராசரி அளவீடுகள் தந்த மயக்கம்

மீக்கடத்துதிறனை உறுதிசெய்ய வழக்கமாகப் பயன்படும் இரு சோதனைகள் மின்தடை அளவீடும் காந்த ஏற்புத்திறன் அளவீடும் ஆகும். இவ்வகைப் படிகங்களில் இரண்டுமே ஆய்வாளரை மயக்க வல்லவை.

மின்தடை சுழியாவதற்கு, படிகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரேயொரு தொடர்ச்சியான மீக்கடத்துப் பாதை இருந்தால் போதும். பாதை எவ்வளவு மெலிதாயினும் மின்னோட்டம் அதன் வழியே செல்லும். எனவே சுழி மின்தடை, மீக்கடத்தும் பகுதியின் பருமனைப் பற்றி எதுவும் கூறுவதில்லை.

காந்த அளவீடு மேலும் நுட்பமான தவற்றுக்கு இடமளிக்கிறது. காந்தப்புலமின்றிக் குளிர்விக்கப்பட்ட படிகத்தின்மீது பின்னர்ப் புலத்தைச் செலுத்தினால், மீக்கடத்தும் சுவர்களில் எழும் மின்னோட்டங்கள் புலத்தை வெளியே நிறுத்தும். சுவர்கள் மூடிய அறைகளாக அமைந்திருந்தால், அறைகளின் உட்பகுதி மீக்கடத்தியாக இல்லாதபோதும் புலம் அங்கு நுழையாது. வாய் மூடிய குடம் நிறைகுடமா வெறுங்குடமா என்பதை வெளித்தோற்றத்தால் அறிய முடியாது. அதுபோல, வலைப்பின்னலாக அமைந்த சிறுபான்மை மீக்கடத்தியும் முழுமையான மீக்கடத்தியும் இவ்வளவீட்டில் ஏறத்தாழ ஒரே விடையைத் தரலாம். தொடக்கக் கால ஆய்வுகள் சிலவற்றில் ‘நூறு விழுக்காடு’ மீக்கடத்துதிறன் எனக் கருதப்பட்டதற்கு இது ஒரு காரணம்.

பருமப் பங்கை நேரடியாகக் கூறும் முறைகள் வேறு விடையைத் தந்தன. மியூவான் தற்சுழற்சி முறையில், படிகத்துள் பாய்ச்சப்படும் ஒவ்வொரு நேர்மின் மியூவானும் தான் தங்கிய இடத்தின் காந்தப்புலத்தை மட்டும் உணர்ந்து, சராசரியாக 2.2 மைக்ரோ வினாடியில் சிதைகிறது. ஆகவே வலிய புலத்தை உணர்ந்த மியூவான்களின் விழுக்காடு, காந்த ஒழுங்குடைய பகுதியின் விழுக்காடாகும். மாஸ்பவர் நிறமாலையியலும் அவ்வாறே ஒவ்வோர் இரும்பு அணுக்கருவின் சுற்றுப்புறத்தைத் தனித்தனியே பதிவு செய்கிறது. ருபீடியம் கொண்ட படிகத்தில் இரும்பு அணுக்களுள் ஏறத்தாழ 88 விழுக்காடு காந்த ஒழுங்கிலும், 12 விழுக்காடு காந்தமற்ற சூழலிலும் இருப்பதை மாஸ்பவர் ஆய்வு காட்டியது. மியூவான் அளவீடுகளும் இதையொத்த பங்கீட்டையே தந்தன. 

மின்தடை வளைவில் காணப்பட்ட மற்றொரு விந்தையும் இதனால் தெளிவாயிற்று. இப்படிகங்களைக் குளிர்விக்கும்போது மின்தடை முதலில் குறைகடத்தியில் போல உயர்ந்து, 100 முதல் 250 கெல்வின் வரையிலான ஏதோ ஒரு வெப்பநிலையில் உச்சம் தொட்டு, பின்னர் உலோகத்தில் போலக் குறைகிறது. உச்சம் அமையும் வெப்பநிலை மாதிரிக்கு மாதிரி மாறியது. ஒரு நிலைமைக்கே உரிய பண்பாயின் அவ்வாறு மாறக் காரணமில்லை. மின்காப்பு நிலைமையும் உலோக நிலைமையும் இணைசுற்றாக மின்னோட்டத்தைப் பகிர்கின்றன எனக் கொண்டால், பங்கீட்டு விகிதமும் தொடர்ச்சியும் மாறும்போது உச்சமும் இடம்பெயர்வது இயல்பே.

4. நுண்ணோக்கியின் சான்று

விழுக்காடு தெரிந்தபின், அப்பகுதிகள் படிகத்தில் எங்கே எவ்வடிவில் உள்ளன என்பதை அறிவது தேவையாயிற்று. இதற்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன்னா ஸ்பெல்லரும் உடனாய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட சீசியம் இரும்பு செலினைடு ஆய்வு நல்ல எடுத்துக்காட்டாகும். அவ்வாய்வு ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இயலும் பல முறைகளை ஒன்றுக்கொன்று துணையாகப் பயன்படுத்தியது.

முதலாவது, பின்சிதறிய எலக்ட்ரான்களைக் கொண்டு பெறும் படிமம். சராசரி அணு எண் மிகுந்த பகுதி அதிக எலக்ட்ரான்களைத் திருப்பியனுப்புவதால் இயைபு வேறுபாடு ஒளி வேறுபாடாகத் தெரியும். இரண்டாவது, எலக்ட்ரான் கற்றை பட்ட இடத்திலிருந்து எழும் எக்ஸ் கதிர்களைப் பகுத்துத் தனிமங்களின் அளவை அறிதல். இதில் ஓர் எல்லை உண்டு. எக்ஸ் கதிர்கள் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள பருமனிலிருந்து வருவதால், அதனினும் மெல்லிய தகடுகளின் இயைபு அண்டையிலுள்ள நிலைமையின் இயைபோடு கலந்தே பதிவாகும்.

இக்குறையை ஈடுசெய்வது மூன்றாவது முறையான பின்சிதறல் எலக்ட்ரான் விளிம்பு விளைவு. படிகப் பரப்பு ஏறத்தாழ 70 பாகை சாய்க்கப்பட்டு, எலக்ட்ரான் கற்றை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தப்படுகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் படிகத்தின் அணுத்தளங்களுக்கேற்பக் கிக்குச்சிப் பட்டைகள் எனப்படும் ஒளிப்பட்டைகள் திரையில் தோன்றும். இரு புள்ளிகளின் பட்டைக் கோலங்களைக் கணினிவழி ஒப்பிட்டு அவற்றின் மிகச் சிறிய இடப்பெயர்ச்சியையும் அளந்தால், அலகுக்கூட்டின் வடிவத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவிலான மாற்றத்தையும் கண்டறியலாம். பட்டைக் கோலம் பரப்பை ஒட்டிய மெல்லிய பகுதியிலிருந்து மட்டுமே வருவதால் இடப்பகுதிறனும் மைக்ரோமீட்டருக்குக் கீழே செல்கிறது.

இம்முறைகளின் கூட்டுச் சான்று தெளிவாக இருந்தது. படிகம் முழுவதும் சிறுபான்மை நிலைமை தகடு வடிவில் பரவியிருந்தது. மீக்கடத்துதிறன் அச்சிறுபான்மை நிலைமையில் மட்டுமே நிகழ்கிறது என்பதோடு முடிவுகள் ஒத்துச்சென்றன. கார உலோகம் குறைந்தும் இரும்பு மிகுந்தும் உள்ள இந்நிலைமையில் அலகுக்கூடு அடுக்குத்தளத்தில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு சுருங்கியும், அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் சற்றே நீண்டும் காணப்படுவதை எக்ஸ் கதிர் ஆய்வுகளும் காட்டியுள்ளன.

மேலும் நுண்ணிய அளவில் ஸ்கேனிங் டன்னலிங் நுண்ணோக்கி அணுக்களையே நேரில் காட்டியது. 2012இல் சி-குன் ஷுவே தலைமையிலான சீனக் குழு, மூலக்கூற்றுக் கற்றை முறையில் வளர்த்த பொட்டாசியம் இரும்பு செலினைடுப் படலங்களை ஆராய்ந்தது. √5 அணியுடன் காலியிடங்கள் கொண்ட பகுதிகள் மின்காப்பாக இருந்தன. காலியிடமற்ற பகுதிகளில் மட்டும் மீக்கடத்துதிறனுக்குரிய ஆற்றல் இடைவெளி தோன்றியது. இரு பகுதிகளும் ஒன்றையொன்று ஒட்டியே அமைந்திருந்தன.

5. பின்னல் உருவாகும் விதம்

இவ்விரு நிலைமைகளும் உருகுநிலையிலேயே பிரிந்து வளர்ந்தவை அல்ல. உருகிய கலவையிலிருந்து வளரும்போது படிகம் ஒரே நிலைமையாகவே திண்மமாகிறது. உயர்வெப்பநிலையில் காலியிடங்கள் தாறுமாறாகப் பரவியிருப்பதால், இரும்பின் அளவு 1.6ஐவிடச் சற்று மிகுந்திருந்தாலும் படிகம் அதனைத் தாங்கிக்கொள்ளும். 578 கெல்வினை நெருங்கும்போது காலியிடங்கள் ஒழுங்குபெறத் தொடங்குகின்றன. 245 ஒழுங்கு, ஐந்தில் ஒன்று என்ற துல்லியமான விகிதத்தையே வேண்டுகிறது. மிகையான இரும்புக்கு அவ்வொழுங்கில் இடமில்லை. அது வெளியே தள்ளப்பட்டு, இரும்பு மிகுந்த வேறொரு நிலைமையாகத் திரள்கிறது. நானோமீட்டர் அளவில் குவித்த எக்ஸ் கதிர்களைக் கொண்ட ஆய்வு, இப்பிரிவு ஏறத்தாழ 520 கெல்வினில் புலப்படுவதைக் காட்டியது. 

பிரியும் நிலைமை தகடு வடிவம் கொள்வதற்கும் காரணம் உண்டு. இரு நிலைமைகளின் அலகுக்கூடுகள் அளவில் சற்றே வேறுபடுவதால் அவை ஒட்டியிருக்கும் எல்லையில் தகைவு எழுகிறது. தகைவு மிகக் குறைவாக அமையும் தளங்களை ஒட்டியே புதிய நிலைமை படர்கிறது. ஆகவே தகடுகள் படிகத்தின் குறிப்பிட்ட தளங்களுக்கு இணையாக அமைந்து, பரப்பின்மீது ஒழுங்கான கோடுகளாகத் தெரிகின்றன. உலோகவியலார்க்கு இக்காட்சி புதிதன்று. இரும்பு-நிக்கல் விண்கற்களை மெருகேற்றி அமிலத்தால் அரித்தால் தோன்றும் விட்மன்ஸ்டாட்டன் கோலமும், திண்ம நிலையில் ஒரு நிலைமையிலிருந்து மற்றொன்று குறிப்பிட்ட தளங்களில் பிரிந்ததன் அடையாளமே. விண்கல்லில் அதற்குப் பல்லாயிரக்கணக்கான நூற்றாண்டுகள் கொண்ட மெதுவான குளிர்ச்சி தேவைப்பட்டது. செலினைடுப் படிகத்தில் உலையின் குளிர்ச்சி நேரமே போதுமானதாகிறது.

இதிலிருந்து முதன்மையான ஒரு விளைவு பிறக்கிறது. பிரிவு அணுக்களின் இடப்பெயர்ச்சியால் நிகழ்வதாகையால் குளிர்விக்கும் வேகம் நுண்ணமைப்பை மாற்றும். நான்ஜிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாய்-ஹூ வென் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு இதனை நேரடியாகச் சோதித்தது. மெதுவாகக் குளிர்ந்த படிகங்களில் இரும்பு மிகுந்த பகுதிகள் பெரிதாகத் திரண்டு ஒன்றிலிருந்து ஒன்று விலகி நின்றன. உயர்வெப்பநிலையிலிருந்து திடீரெனக் குளிர்விக்கப்பட்ட படிகங்களில் அவை மெல்லிய இழைகளாகி முப்பரிமாண வலையாகப் பின்னிக்கொண்டன. மீக்கடத்துதிறனும் அதற்கேற்ப மேம்பட்டது. வேதி இயைபு மாறாமலே, வெப்ப வரலாறு மட்டும் மாறியதால் ஒரே வகைப் படிகம் நல்ல மீக்கடத்தியாகவோ நலிந்த மீக்கடத்தியாகவோ அமைந்தது. ஆகவே மாதிரியின் இயைபை மட்டும் குறித்து, அது குளிர்விக்கப்பட்ட முறையைக் குறிக்காத அறிக்கை முழுமையானதாகாது.

6. மீக்கடத்தும் நிலைமையின் இயைபு

சிறுபான்மை நிலைமையின் துல்லியமான இயைபு எது என்பதில் இருவேறு சான்றுகள் உள்ளன. ருபீடியம் படிகத்தில் நடத்தப்பட்ட அணுக்கரு காந்த ஒத்ததிர்வு ஆய்வு, உலோக நிலைமையில் 2 செலினியத்திற்கு ஏறத்தாழ 0.3 ருபீடியமும் முழுமையான 2 இரும்பும் உள்ளன எனவும், அங்கு இரும்புக் காலியிடங்கள் இல்லை எனவும் காட்டியது. இவ்விகிதத்தில் இரும்பின் சராசரி ஆக்சிஜனேற்ற எண் 1.85 ஆகிறது. அதாவது ஓர் இரும்புக்கு 0.15 மிகை எலக்ட்ரான் கிடைக்கிறது. உலோகத் தன்மைக்கு அது இசைவானது.

இவ்வியைபைக் கொண்டு ஓர் எளிய சரிபார்ப்புச் செய்யலாம். படிகத்தின் 88 பங்கு 245 நிலைமை எனவும், 12 பங்கு காலியிடமற்ற நிலைமை எனவும் கொள்வோமாயின், சராசரி ருபீடியம் அளவு 0.88 × 0.8 + 0.12 × 0.3 = 0.74 ஆகும். சராசரி இரும்பு அளவு 0.88 × 1.6 + 0.12 × 2 = 1.65 ஆகும். அந்த ஒத்ததிர்வு ஆய்வில் பயன்பட்ட படிகத்தின் மொத்த இயைபு 0.74 ருபீடியம், 1.6 இரும்பு என்றே குறிக்கப்பட்டது. இக்கணக்கு ஒரு பாடத்தையும் தருகிறது. 0.74, 1.65 என்ற எண்களைக் கொண்ட நிலைமை எதுவும் படிகத்தில் இல்லை. அவை இரு மெய்யான இயைபுகளின் கூட்டுச் சராசரி மட்டுமே.

மற்றொரு சான்று வென் குழுவினுடையது. டன்னலிங் நுண்ணோக்கியில் எட்டு இரும்பு இடங்களுக்கு ஒரு காலியிடம் என்ற வேறோர் ஒழுங்கை அவர்கள் கண்டனர். அதற்குரிய இயைபு 2 பொட்டாசியம், 7 இரும்பு, 8 செலினியம். இங்கும் மின்சுமைக் கணக்கு உதவுகிறது. 8 செலினியத்தின் 16 அலகுகளில் 2 அலகைப் பொட்டாசியம் ஈடுசெய்ய, 14 அலகுகளை 7 இரும்பு பகிர்வதால் ஆக்சிஜனேற்ற எண் சரியாக 2 ஆகிறது. எனவே இது மீக்கடத்தும் பகுதி தோன்றுவதற்கான தாய் நிலைமை என அவர்கள் முன்மொழிந்தனர். இரு சான்றுகளும் ஒரு செய்தியில் உடன்படுகின்றன. மீக்கடத்துதிறன் 245 நிலைமையில் இல்லை. காலியிடம் குறைந்து இரும்பு மிகுந்த பகுதியிலேயே அது உறைகிறது.

தொகுப்பு வேதியியல் இம்முடிவுக்கு வலுவான துணை தருகிறது. இரும்பு செலினைடு அடுக்குகளுக்கிடையே திரவ அம்மோனியாவின் உதவியால், தாழ்ந்த வெப்பநிலையிலேயே கார உலோகங்களைச் செலுத்த இயலும். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சைமன் கிளார்க் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், லித்தியமும் அமைடு, அம்மோனியாத் தொகுதிகளும் இடையடுக்கில் அமைந்த பொருள் 43 கெல்வினில் மீக்கடத்தியாயிற்று. அத்தாழ்ந்த வெப்பநிலையில் இரும்பு அணுக்கள் இடம்பெயர்ந்து காலியிட ஒழுங்கை அமைக்க வாய்ப்பில்லை. காலியிட ஒழுங்கும் அதன் வலிய காந்தமும் இல்லாமலேயே மீக்கடத்துதிறன் சிறக்கிறது என்பதை அது காட்டுகிறது.

7. கோட்பாட்டு விளைவுகள்

நிலைமைப் பிரிவை ஏற்றபின், இப்படிகங்களைப் பற்றிய பல முந்தைய முடிவுகளைப் புதிதாகப் படிக்க வேண்டியுள்ளது. முதலாவதாக, வலிய எதிர்ஃபெர்ரோ காந்தமும் மீக்கடத்துதிறனும் அணு அளவில் உடனுறைகின்றன என்ற கருத்து தளர்கிறது. அவை அண்டை வீட்டாரேயன்றி ஒரே வீட்டார் அல்லர். ஆனால் இம்முடிவை இரும்பு மீக்கடத்திகள் அனைத்திற்கும் விரிக்கலாகாது. கோபால்ட்டு சேர்த்த பேரியம் இரும்பு ஆர்சனைடில், காந்த ஒழுங்கும் அதனோடு இணைந்த அலகுக்கூட்டுத் திரிபும் மீக்கடத்துதிறன் தோன்றும் வெப்பநிலைக்குக் கீழே குறையத் தொடங்குகின்றன. ஒரே எலக்ட்ரான்களுக்காக இரு பண்புகளும் போட்டியிடுகின்றன என்பதற்கு அது அடையாளம். அங்கு உண்மையான உடனுறைவு உண்டு. இங்கு இல்லை.

இரண்டாவதாக, கோணப்பகுப்பு ஒளிஎலக்ட்ரான் நிறமாலையியல் 2011இல் இப்படிகங்களில் எலக்ட்ரான் வகை ஃபெர்மிப் பரப்புகளே முதன்மை பெறுவதைக் கண்டது. ஆர்சனைடுகளில் மையத்தில் காணப்படும் துளை வகைப் பரப்புகள் இங்கு இல்லை. துளை, எலக்ட்ரான் பரப்புகளுக்கு இடையேயான இடைவினையை அடிப்படையாகக் கொண்ட கோட்பாட்டுக்கு இது கடுமையான சோதனை. இச்சோதனை இன்றும் பொருளுடையதே. ஆயினும் அப்பரப்புகள் குறிக்கும் எலக்ட்ரான் எண்ணிக்கையைப் படிகத்தின் மொத்த இயைபோடு ஒப்பிடுவது பொருந்தாது. சிறுபான்மை நிலைமையின் இயைபோடு ஒப்பிடுவதே முறை.

மூன்றாவதாக, ஆய்வுநெறி பற்றிய படிப்பினை உண்டு. ஒற்றைப் படிகம் என்பது ஒற்றை நிலைமைக்கு உறுதிமொழி ஆகாது. இரு நிலைமைகளும் ஒரே தாய்ப்படிகத்திலிருந்து திசை மாறாமல் பிரிவதால், பிளந்த பரப்பு கண்ணாடிபோல் மின்னும். எளிய விளிம்பு விளைவுக் கோலத்திலும் ஒற்றைப் படிகமே தெரியும். சிறுபான்மை நிலைமையின் மெலிந்த புள்ளிகளைத் தேடிப் பார்த்தாலன்றி அவை கண்ணில் படா.

முடிவுரை

கார உலோக இரும்பு செலினைடுகள் எழுப்பிய புதிர், காந்தத்தின்மீதோ மீக்கடத்துதிறன்மீதோ ஏற்பட்ட ஐயத்தால் தீரவில்லை. ‘படிகம் ஒன்றே’ என்ற எடுகோளின்மீது எழுந்த ஐயத்தாலேயே தீர்ந்தது. 578 கெல்வினை ஒட்டிக் காலியிடங்கள் ஒழுங்குபெறும்போது மிகை இரும்பு விலக்கப்படுகிறது. விலக்கப்பட்ட இரும்பு, தகடுகளாகவும் இழைகளாகவும் பின்னிச் சிறுபான்மை நிலைமையை அமைக்கிறது. பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அந்நிலைமை தன் தொடர்ச்சியால் முழுப்படிகத்தையும் மீக்கடத்தியாகத் தோன்றச் செய்கிறது. மின்தடையும் காந்த ஏற்புத்திறனும் அத்தோற்றத்தைப் பதிவு செய்தன. மியூவானும் மாஸ்பவரும் பங்கீட்டை உரைத்தன. நுண்ணோக்கி இடத்தைக் காட்டியது. ஒவ்வொரு முறையும் உண்மையையே கூறியது. எம்முறை எவ்வினாவுக்கு விடை தருகிறது என்பதைப் பிரித்தறிந்தபோதே அவ்வுண்மைகள் ஒன்றோடொன்று முரண்படாமல் இணைந்தன. புதிய மீக்கடத்திகளை ஆராய்வோர், மீக்கடத்து வெப்பநிலையை அறிவிக்கும் முன்னர்ப் பருமப் பங்கையும் நுண்ணமைப்பையும் வெப்ப வரலாற்றையும் உடன் ஆவணப்படுத்த வேண்டும் என்பது இவ்வாய்வுகளால் பெறப்படும் முடிவாகும்.